மணல் புறப்படும் மலை: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, குன்னூர்

காவிரி டெல்டாவில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில் பாறைத் துகள் பார்ப்பது என் வேலை. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் துளைக்கும் முனையான பிட் உடைக்கும் பாறை, கிணற்றுக்குள் சுற்றிவரும் சேற்றோடு கலந்து மேலே வந்து சல்லடையில் விழும். அதை அள்ளிக் கழுவி, காயவைத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். மணற்பாறையா, களிப்பாறையா? மணல் என்றால் பருமணலா, நுண்மணலா? மணிகளுக்கு நடுவே இடம் இருக்கிறதா, எண்ணெய்க் கறை தெரிகிறதா? எல்லாவற்றையும் மீட்டர் வாரியாக எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதும்போதெல்லாம், இந்த மணல் எந்த மாதிரி மலையிலிருந்து கிளம்பியதோ அந்த மாதிரி மலையில் போய் நின்று, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றும். அதற்காகத்தான் வந்திருக்கிறோம். கூட மனைவி, அப்புறம் திருச்சியில் ஜியாலஜி படிக்கும் அக்கா மகன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பெட்ரோலியம் கிடையாது, கிடைக்க வழியும் இல்லை. பெட்ரோலியம் உருவாகப் படிவுப் பாறை வேண்டும். ஆறும் கடலும் ஏரியும் கொண்டுவந்து போட்ட மணலும் சேறும் அடுக்கடுக்காகப் புதைந்து இறுகியது அது. இந்த மலையோ சார்னக்கைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. பூமிக்குள் 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து உருவான பாறை. இந்தப் பாறை இனத்தை முதலில் விவரித்த தாமஸ் ஹாலண்டு, சென்னைப் பல்லாவரத்துக் கல்லைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோப் சார்னக்கின் கல்லறைக் கல்லும் இதே இனம் என்பதால் பாறைக்கு அவர் பெயரே நின்றுவிட்டது. பல்லாவரத்தில் குன்றாகக் கிடப்பது இங்கே 2,000 மீட்டருக்கு மேல் மலையாக நிற்கிறது.

காலை 7 மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் ஊட்டி வரையும் வந்த பாதை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த ரயில் தொடங்குகிறது. இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு மலை நேராக முகத்துக்கு வருகிறது. முன்பு நிலக்கரி போட்டு ஓட்டினார்கள், இப்போது எண்ணெய் எரித்து நீராவி எடுக்கிறார்கள். எண்ணெயே இல்லாத மலையில் எண்ணெயின் பலத்தில் ஏறுகிறோம் என்று மனைவியிடம் சொன்னேன். "அப்ப அந்த எண்ணெய் எங்கேருந்து வந்துச்சுன்னு இந்தத் தடவையாவது எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள். இந்தக் குறிப்புகளைப் பாதி அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஊட்டி வரையிலான பாதையில் மொத்தம் 16 குகைகள். அடர்லி பக்கம் வண்டி தண்ணீர் பிடிக்க நின்றபோது மருமகன் இறங்கிப் போய் வெட்டிய பாறையில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தான். "மாமா, கோடு கோடா இருக்கே. இது அடுக்கு இல்லையா?" நல்ல கேள்வி. கருப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத்தான் இருந்தது. ஆனால் அது படிந்த அடுக்கு அல்ல. ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் கனிமங்கள் பிரிந்து ஒரே திசையில் வரிசை கட்டியதால் வந்த பட்டை. படிவுப் பாறையின் அடுக்கு என்றால் லென்ஸ் வைத்தால் தனித்தனி மணி தெரியும். மணிகளை ஒட்டவைக்கும் பசை தெரியும். சில இடங்களில் அடியில் பருமணலும் மேலே போகப் போக நுண்மணலுமாக இருக்கும். அலை ஓடிய தடம், சிப்பி ஓடு, புழு துளைத்த பாதை எல்லாம் அகப்படலாம். இங்கே மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஊசி முனை நுழைய இடமில்லை. எண்ணெய்க்காரன் கண்ணில் இது மூடிய கதவு.

குன்னூரில் இறங்கியதும் சூடாக டீயும் வர்க்கியும். சாயங்காலம் நல்ல குளிர், வெளியே போகவில்லை.

சனி, குன்னூர் – கோத்தகிரி சாலை

இன்று நாள் முழுவதும் சாலையோரம் மண் வெட்டிய சரிவுகளைப் பார்ப்பதிலேயே போயிற்று. சுற்றுலாக்காரர்கள் டால்பின் மூக்குக்குப் போகிற நேரத்தில் நாங்கள் ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கிட்டத்தட்ட 15 மீட்டர் உயர வெட்டு ஒன்றின் அடியில் நின்றுகொண்டிருந்தோம்.

மேலே தேயிலை வேரோடிய கறுத்த மண். அதன் கீழ் ஆள் உயரத்துக்கு மேல் சிவப்பு மண். அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த ஒரு பகுதி. தள்ளி நின்று பார்த்தால் பாறை மாதிரியே இருக்கிறது, பழைய வெடிப்புக் கோடுகள்கூட அப்படியே தெரிகின்றன. கிட்டே போய்ச் சாவியால் கீறினால் உதிர்கிறது. உருவம் பாறை, உறுதி மண். இன்னும் கீழே அந்த உதிரிக்குள் உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெங்காயச் சருகு போல ஏடு ஏடாக உரியும் தோல். கடைசியில், சாலை மட்டத்தில், உளி பட்டால் கணீர் என்கிற கருங்கல்.

உதிர்ந்ததில் ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பி மருமகனிடம் லென்ஸைக் கொடுத்தேன். அவன் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வெள்ளையாக மாவு மாதிரி இருப்பது ஃபெல்ட்ஸ்பார் இருந்த இடம், விரலில் தேய்த்தால் வழவழவென்று களிமண். துருப்பிடித்த பழுப்புக் கறையாக இருப்பது ஹைப்பர்ஸ்தீன் என்ற கருங்கனிமம் கரைந்துபோன இடம். நடுவே சாம்பல் நீலத்தில், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு, கூர்மை மாறாமல் நிற்பது குவார்ட்ஸ். அங்கங்கே கடுகளவில் சிவப்பாகக் கார்னெட்.

எண்ணெய்த் தேக்கப் பாறையின் கதை இந்தக் கைப்பிடியில்தான் தொடங்குகிறது. மழையில் கரைந்த கார்பன் டையாக்சைடு மெல்லிய அமிலமாகிப் பாறைக்குள் இறங்குகிறது. ஃபெல்ட்ஸ்பார் அதற்குத் தாங்காமல் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் தாங்குகிறது. அதனால் மலையிலிருந்து இறங்குவது இரண்டு சரக்கு: குவார்ட்ஸ் மிகுந்த மணல் ஒன்று, சேறு இன்னொன்று. ஆறு இவற்றைப் பிரித்துக்கொண்டே போகும். வேகம் குறைகிற இடத்தில் மணல் தங்கும். அசையாத நீரில் சேறு படியும். பின்னாளில் மணல் எண்ணெய் தங்கும் பாறையாகும். சேறு, உயிர்ப்பொருள் கலந்திருந்தால் எண்ணெய் பிறக்கும் பாறையாகும், எண்ணெயை மேலே விடாமல் தடுக்கும் மூடியாகவும் அதுவே நிற்கும். எண்ணெய் தேடுகிறவர்கள் பிறப்பிடம், தங்குமிடம், மூடி, எண்ணெய் நகராமல் சிக்கிக்கொள்ளும் பொறி என்று நாலையும் கேட்பார்கள். அதில் மூன்றுக்கு மூலப்பொருள் இந்த மாதிரி மலைச் சரிவிலிருந்துதான் கிளம்புகிறது. நாலாவதை நிலத்தின் அசைவு செய்துகொடுக்கும்.

மதியத்துக்குமேல் வேறொரு வளைவு. இங்கே மண்ணே இல்லை, சாலைக்கு வெட்டிய, உதிராத உறுதியான பாறை. செங்குத்தாக ஒரு வெடிப்பு, குறுக்கே ஒரு வெடிப்பு, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் கசிந்து வருகிறது. யாரோ அதில் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, சுற்றிலும் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தோட்டத்து அம்மா ஒருவர் குடத்தை வைத்துவிட்டு நின்றார். "வெயில் காலத்துல நின்னுடுமாம்மா?" என்று கேட்டேன். "இளைக்குமுங்க, நிக்காது. எங்க லைனுக்கு இதுதான் குடிதண்ணி" என்றார். குடம் நிரம்பச் சுமார் நாலு நிமிடம் ஆயிற்று.

நேற்று மூடிய கதவு என்று எழுதினேன் அல்லவா, அந்தக் கதவில் ஓடியிருக்கும் கீறல் இது. கருங்கல்லின் மணிகளுக்கு நடுவே இடமில்லைதான், ஆனால் கல் வெடித்தால் வெடிப்புக்குள் இடம் உண்டு. தண்ணீர் இருக்க முடியுமென்றால் எண்ணெயும் இருக்கலாம். இது ஊகம் அல்ல. மயிலாடுதுறை மாவட்டத்தில், எங்கள் ஊர்ப்பக்கம், மாதானம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே மணற்பாறை அடுக்குகளையெல்லாம் துளைத்துக்கொண்டு போய், அடித்தளமான பழம்பாறைக்குள்ளேயே எண்ணெயும் எரிவாயுவும் கண்டார்கள். வியட்நாமில் பாக் ஹோ என்ற கடல் வயல், வெடித்த கிரானைட்டிலிருந்துதான் பெரும் அளவில் எண்ணெய் தந்தது.

ஆனால் அந்த எண்ணெய் கருங்கல்லில் பிறந்ததில்லை. மாதானத்தில் பழம்பாறை ஒரு முதுகுமேடாகப் பூமிக்குள் நிற்கிறது. இரு பக்கமும் ஆழமான பள்ளங்கள், பள்ளங்களில் கறுப்புக் களிப்பாறை. அங்கே பிறந்த எண்ணெய் தண்ணீரைவிட லேசானது என்பதால் மேல் நோக்கி நகர்ந்து, மேட்டின் விலாவைத் தொட்டதும் வெடிப்புகளுக்குள் ஏறிக்கொண்டது. மருமகன் அந்த ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் இதைப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள், இன்றுதான் மனதில் உட்கார்ந்தது என்றான். இந்த ஒரு இடத்துக்காகவே வந்தது தகும் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிறு, ஊட்டி – சாண்டிநல்லா

விடிகாலையில் தலைக்குந்தா போனோம். புல்வெளி முழுக்க உறைபனி, வெள்ளை வெளேரென்று. மனைவிக்கு இன்றைய நாளில் இதுதான் பிடித்தது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஏறி இறங்கினோம், கூட்டம் நெருக்கித் தள்ளியது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

சாண்டிநல்லா வேறு விஷயம். நீலகிரி உச்சியில் படிவு அடுக்கு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டென்றால் அது இந்தப் பள்ளத்தாக்குச் சதுப்புகளில்தான் இருக்கிறது. புல்மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடங்களில் நீர் தேங்கி, செடிகொடி செத்து விழுந்து, அழுகி முடியாமல் அப்படியே அமுங்கிக் கிடக்கிறது. சாலையோரம் வாய்க்கால் வெட்டியிருந்த இடத்தில் குனிந்து பார்த்தோம். மேலே வேரும் புல்லும், அதன் கீழ் கறுப்பாக, வெட்டினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும் கரிச்சேறு, நடுநடுவே சாம்பல் நிறக் களிமண் பட்டை. ஒரு உருண்டை எடுத்துப் பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் வடிகிறது. கையில் மிஞ்சுவது நார் நாரான செடித் துணுக்கு. முகர்ந்தால் ஈர மண் வாசனையோடு லேசான அழுகல்.

இந்தச் சேற்றின் வயது சாதாரணமானதல்ல. ரா. சுகுமாரும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் நீலகிரிச் சதுப்பின் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது எடை வேறான கார்பன் அணுக்களை, அளந்து, 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை 1993இல் வெளியிட்டார்கள். வறட்சி தாங்கும் புல்லும், ஈரத்தில் வளரும் மரமும் செடியும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அந்த வேறுபாடு செத்த பிறகும் சேற்றில் பதிந்து நிற்கும். பனியுகம் உச்சத்தில் இருந்தபோது இந்த மலை வறண்டு, புல் ஓங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்து ஈரம் திரும்பியது. கையில் பிழிந்த சேற்றிலிருந்து இவ்வளவும் படிக்க முடிகிறது.

எண்ணெய்க் கதைக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: இது ஏன் அழுகவில்லை? காட்டில் விழும் இலை சில ஆண்டுகளில் மக்கி மறைந்துவிடும், அதன் கார்பன் காற்றோடு போய்விடும். இங்கே தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் இல்லை. அதனால் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வேலை பாதியில் நிற்கிறது, கார்பன் மண்ணில் தங்குகிறது. காவிரிப் படுகையின் கறுப்புக் களிப்பாறைகளும் இதே விதியில் உருவானவைதான். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், பள்ளங்களில் தேங்கிய காற்றோட்டமில்லாத நீரின் அடியில் படிந்தவை. ஆண்டிமடம், சட்டப்பாடி என்று எங்கள் பக்கத்து ஊர்களின் பெயரையே அந்த அடுக்குகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

"அப்ப இந்தச் சதுப்பைப் புதைச்சா இதுவும் எண்ணெயாகுமா?" என்று மனைவி கேட்டாள். ஆகாது. மரமும் புல்லும் புதைந்தால் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அந்த வழி வந்தது. திரவ எண்ணெய் நிறையக் கிடைக்க வேண்டுமென்றால் பாசியும் மிதவை நுண்ணுயிரும் வேண்டும், அவற்றின் உடலில் கொழுப்புச் சத்து அதிகம். புதைந்தால் மட்டும் போதாது, சூடும் வேண்டும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடுகிறது. எண்ணெய் உருவாக 60 முதல் 120 டிகிரி வரை தேவை. அதாவது இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம், கோடிக்கணக்கான ஆண்டு நிதானம். சூடு அதற்கு மேல் போனால் எண்ணெயே உடைந்து எரிவாயுவாகிவிடும். நெல்லை வேகவைப்பவளுக்கு இது உடனே பிடிபட்டது. "குறைஞ்சாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது" என்றாள்.

திங்கள், அவலாஞ்சி

வனத்துறை வண்டியில் போய் வந்தோம். சோலையும் ஏரியும் அழகு. கண்ணை எடுக்க முடியாத பச்சை.

நான் கவனித்தது சரிவுகளை. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய இடம் இது. சனிக்கிழமை பார்த்த உதிரிப் பாறைமேல் அவ்வளவு தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை, சரிந்த தழும்புகள் தெரிகின்றன. 1978இலும், 1993இல் மரப்பாலத்திலும், 2009 நவம்பரிலும் நீலகிரி மண் சரிந்து உயிர்கள் போயின. ஆற்றுக்கு மணலும் சேறும் வருவது தினமும் ஒரே அளவில் அல்ல. பல ஆண்டுச் சரக்கு ஒரே இரவில் இறங்கிவிடும். படிவுப் பாறையில் மெல்லிய களிப் பட்டைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு தடித்த மணல் அடுக்கு வரும்போது, அது அப்படிப்பட்ட ஒரு வெள்ளத்தின் பதிவாகவும் இருக்கலாம். கிணற்றில் அத்தகைய அடுக்கு வந்தால் நாங்கள் மகிழ்ந்து போவோம். இங்கே அந்தத் தழும்பின் அடியில் வீடுகள் இருக்கின்றன. செங்குத்துச் சரிவில் மண்ணை வெட்டி ரிசார்ட் கட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

செவ்வாய், கோடநாடு

கோடநாடு காட்சிமுனை. கீழே மாயாறு, தெங்குமரஹடா வயல்கள், தூரத்தில் பவானிசாகர் நீர். மலை சுவர் வைத்தாற்போல் இங்கே முடிந்துவிடுகிறது. மாயாறு ஓடும் பள்ளம் சும்மா ஆறு அரித்தது மட்டும் அல்ல. பூமியின் மேலோடு பழங்காலத்தில் பக்கவாட்டில் நகர்ந்து, பாறை நசுங்கி வலுவிழந்த ஒரு பட்டை இது. நீலகிரிக்குத் தெற்கே பவானி ஓடுவதும் இன்னொரு நசுங்கிய பட்டையில். இரண்டுக்கும் நடுவே உயர்ந்து நிற்கும் துண்டுதான் நீலகிரி.

இந்த இடத்தில் வைத்துத்தான் நாலாவது விஷயத்தை, பொறியை, விளக்க முடிந்தது. உயர்ந்த துண்டும் தாழ்ந்த பள்ளமும் கண்ணெதிரே இருக்கின்றன. இதையே கிழக்கே கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன், இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிய ஆரம்பித்தபோது, இன்றைய டெல்டாவின் அடியில் பழம்பாறை இழுபட்டு உடைந்தது. சில துண்டுகள் இறங்கின, சில நின்றன. இறங்கியவை அரியலூர் – புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம். நின்றவை கும்பகோணம் – மாதானம் மேடு, பட்டுக்கோட்டை – மன்னார்குடி மேடு. மேலே எல்லாம் ஒரே சமமான நெல் வயல், அடியில் இந்தக் கோடநாடு மாதிரி மலையும் மடுவும். ஆழமான பள்ளங்களில் படிந்திருக்கும் மணலும் சேறும் 5 கிலோமீட்டருக்கு மேல்.

பள்ளம் விழுந்த புதிதில் பக்கத்து மேட்டிலிருந்து சரக்கு அவசரமாக வந்து கொட்டும். அப்படி வந்ததுதான் ஆண்டிமடம் அடுக்கின் மணல். ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் கலந்தது, மணி பெரிசும் சிறிசுமாக இருக்கும். ஆறு அதைத் தேய்த்துப் பிரிக்க நேரம் கிடைக்கவில்லை. புதைந்த பிறகு ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகி இடுக்குகளை அடைக்கிறது, மைக்கா நசுங்கி வழியை மறிக்கிறது. நுண்ணோக்கியில் இந்த மணல் வந்தாலே எண்ணெய் இருந்தும் வெளியே வராதோ என்று மனது அடித்துக்கொள்ளும். பயணம் நீண்டு, மணல் நன்றாகக் கழுவப்பட்டு வந்தால்தான் தேக்கப் பாறை நன்றாக அமையும்.

அடுக்குகள் படிந்த பிறகும் உடைப்புகள் அசைந்துகொண்டே இருந்தன. மணல் அடுக்கு ஒன்று உடைந்து, அதன் வாய்க்கு நேரே களிப்பாறை வந்து நின்றுவிட்டால், மேலே ஏறிவரும் எண்ணெய்க்கு அதற்கு மேல் வழியில்லை. அங்கேயே தேங்கும். அடுக்கு கவிழ்ந்த வில்லாக வளைந்திருந்தாலும் அதன் உச்சியில் தேங்கும். மேலே எரிவாயு, நடுவே எண்ணெய், கீழே உப்புத் தண்ணீர். எல்லாம் அந்த மணிகளின் இடுக்கிலேயே. நிலத்தடியில் எண்ணெய்க் குளமோ ஏரியோ கிடையாது. டெல்டாவில் 1964இல் காரைக்காலில் முதல் ஆய்வுக் கிணறு போட்டார்கள். நரிமணத்தில் எண்ணெய் கண்டது 1980களில்தான். மேலே சமவெளி என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தரையில் அதிர்வு கொடுத்து, திரும்பி வரும் ஒலியைக் கேட்டுத்தான் அடியில் இருக்கும் மேட்டையும் மடுவையும் வரைய வேண்டும்.

மருமகன் நோட்டில் எதிரே தெரியும் பள்ளத்தை வரைந்து, அதை மணலால் நிரப்பி, மேலே நெல் வயல் போட்டு, ஓரத்தில் ஒரு ரிக், கிணறு தோண்டும் கோபுரம், நிறுத்தினான். நல்ல படம். ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

புதன், பவானி ஆற்றங்கரை

கோத்தகிரி வழியாக இறங்கியாயிற்று. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே, ஆற்றில் நீர் குறைவாக ஓடும் ஒரு கரையில் மணல் திட்டு கிடைத்தது. சனிக்கிழமை துணியில் பரப்பிய அதே மணிகள், இப்போது முனை கொஞ்சம் மழுங்கி. குவார்ட்ஸின் பங்கு கூடியிருக்கிறது, மாவாக இருந்த வெள்ளை அநேகமாகக் காணோம். கார்னெட் அங்கங்கே திட்டாகச் சேர்ந்து மணலில் இளஞ்சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கனமான மணி என்பதால் நீர் அதைத் தனியே விட்டுவிட்டுப் போகிறது.

கல்லூரியிலிருந்து மருமகன் ஒரு அளவுக் குடுவை கொண்டு வந்திருந்தான். காய்ந்த, ஒரே சீரான மணலை 100 மில்லி கோடு வரை நிரப்பி, மெதுவாகத் தண்ணீர் ஊற்றினோம். மணல் மட்டத்துக்கு நீர் ஏற 38 மில்லி குடித்தது. மனைவி நம்பவில்லை, நிரம்பிய பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடமா என்று கேட்டாள். ஆமாம், மணி சிறிதோ பெரிதோ, ஒரே அளவாக இருந்தால் இடுக்கின் பங்கு மாறாது. உருண்டைகளைத் தளர்வாக அடுக்கினால் கிட்டத்தட்ட 48 சதவீதம், நெருக்கி அடுக்கினால் 26 சதவீதம். அடுத்து, கரையோரத்துக் கலப்பு மணல், கூழாங்கல்லும் வண்டலும் சேர்ந்தது. அது குடித்தது 24 மில்லிதான். பெரிய மணிகளின் இடுக்கில் சின்ன மணிகள் போய் உட்கார்ந்துகொள்கின்றன. நேற்று ஆண்டிமடம் மணலைப் பற்றிச் சொன்னதை இது கண்ணுக்குக் காட்டிவிட்டது. மூன்று கிலோமீட்டர் புதைந்தால் சுமை அமுக்கி, குவார்ட்ஸும் சுண்ணாம்பும் பசையாக ஊறி, நல்ல மணலிலேயே 10 முதல் 20 சதவீதம்தான் மிஞ்சும்.

இடம் இருந்தால் போதாது, இடங்கள் ஒன்றோடொன்று திறந்திருக்க வேண்டும். அடி வெட்டிய பாட்டிலில் துணி கட்டி மணல் போட்டு நீர் ஊற்றினால் சரசரவென்று இறங்குகிறது. கரைக் களிமண்ணை வைத்தால் மேலேயே நிற்கிறது. களிமண்ணிலும் இடுக்கு நிறைய, ஆனால் மிக நுண்ணியவை, நீர் நகராது. மூடிப் பாறையாக அது நிற்பது அதனால்தான். மணலில் நீர் செல்லும் வேகத்தை முதலில் விதியாக எழுதியவர் ஹென்றி டார்சி, 1856இல், பிரான்சின் டிஜோன் நகரக் குடிநீருக்கு வடிகட்டி மணலைச் சோதித்தபோது. எண்ணெய்க் கிணறுகளில் நாங்கள் இன்றும் அவர் பெயரில்தான் அளக்கிறோம்.

அப்புறம் பவானிசாகர். 1955இல் முடிந்த அணை. மாயாறும் பவானியும் கொண்டுவரும் மணலில் பெரும்பகுதி இங்கேயே தங்கிவிடுகிறது. காவிரியில் 1934லிருந்து மேட்டூர் அதையே செய்கிறது. மிச்சத்தை லாரிகள் அள்ளுகின்றன. டெல்டாவைக் கட்டிய சரக்கு டெல்டாவுக்குப் போவதில்லை. வயலுக்கு வண்டல் இல்லை, கரையைத் தாங்க மணல் இல்லை. எண்ணெய்த் தொழிலில் சோறு தின்பவன் நான், ஆனாலும் 2020இல் டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்த சட்டம் வேண்டிய சட்டம் என்றே நினைக்கிறேன். அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஒன்று, அதற்காக மேலே இருக்கும் வயலைக் கொடுப்பது வேறு.

மருமகன் படிப்புக்கு ஆய்வுத் தலைப்பு முடிவு செய்துவிட்டான். பவானி மணலையும், பெரம்பலூர்ப் பக்கம் காரையில் தரைக்கு வந்து கிடக்கும் கிரெட்டேசியஸ் அடுக்குகளின் மணலையும் ஒப்பிடுவது. எங்கள் கிணறுகளில் ஆழத்தில் வரும் அந்தக் காலத்து அடுக்குகளை அங்கே நடந்தே பார்க்கலாம், சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர்களான அம்மோனைட்டுகள் கிடைத்த மண் அது. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இருக்கிறது. மணலை அடர்திரவத்தில் போட்டுக் கனமணிகளைப் பிரித்துக்கொள், கார்னெட்டை முதலில் எண்ணு, பழைய அடுக்கில் ஹைப்பர்ஸ்தீன் அகப்படாவிட்டால் பதறாதே, அது புதைந்த இடத்திலேயே கரைந்து போயிருக்கும், எளிதில் கரையாத கனிமமான ஸிர்கானைத் தேடு என்று சொல்லியிருக்கிறேன். பவானியிலிருந்து இரண்டு பை மணல் எடுத்துக்கொண்டான். அடுத்த மாதம் காரைக்கு நானும் போகிறேன்.